மிச்சம் வைத்த ஒரு தடவை

கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த அந்தப் பயிற்சி மையத்துக்கு மூன்று அறைகள். மூன்று என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். ஒரே கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து மூன்றாக்கியிருந்தார்கள். ஆங்கில வகுப்பில் சொல்லும் எதிர்ச்சொல் கணக்கு வகுப்பில் தெளிவாகக் கேட்கும். கணக்கு வகுப்பில் யாருக்காவது திட்டு விழுந்தால் ஆங்கில வகுப்பு சிரிக்கும். தெருப்பக்கம் பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. மையத்தின் பெயர்ப்பலகையை அதன் மேலேயே அடித்துவிட்டதால், தெருவில் போகிறவர்களுக்கு மையம் நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

அந்த நடு அறைதான் நம் கணக்கு மிஸ்ஸின் அறை. அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. வீட்டில்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டு வெகுநாளாயிற்று. மாணவர்களுக்கு அவள் மிஸ், பெற்றோர்களுக்குக் கணக்கு மிஸ், அக்காவுக்கு 'ஏய்'. மையத்தை நடத்தியவர் அக்காவின் கணவர். ஊருக்கெல்லாம் டைரக்டர், இவளுக்கு மாமா. அக்கா வாசல் மேஜையில் உட்கார்ந்திருப்பாள். வருகைப் பதிவு, பெற்றோருக்குப் போன் போடுவது, கோபப்படுவது எல்லாம் அவள் பொறுப்பு. வெளியாள் என்று பார்த்தால் இங்கிலீஷ் சார் ஒருவர்தான். அவரும் மதியச் சாப்பாட்டை இவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

வீடு பின்தெருவில். அங்கே முழங்கால் வலியோடு அம்மா. கணக்கு மிஸ்ஸின் படுக்கையறையில் பாதியை மையத்தின் பாடக் கட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் கட்டில் மேல் ஏறித்தான் திறக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போவது என்று மற்றவர்கள் சொல்வார்களே, அப்படி ஒன்று அவளுக்குக் கிடையாது. அங்கே பார்த்த அதே முகங்களை இங்கே செருப்பில்லாமல் பார்த்தாள், அவ்வளவுதான்.

மையத்தில் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு தேர்வுக்கு. பட்டப்படிப்பு முடித்தவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் நுழைவுத் தேர்வு. கணினி முன் உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் தன் ஆயுளில் ஐந்து தடவைதான் எழுதலாம் என்பது விதி. கணக்கு மிஸ் அதில் நான்கை முடித்துவிட்டாள். நான்கில் ஒன்றைத்தான் தனக்காக எழுதினாள்.

அது வெகு காலத்துக்கு முன்னால். இரவெல்லாம் ரயிலில் போனால் வரும் ஓர் ஊரில், புள்ளியியலுக்கென்றே தனிக் கட்டிடம் உள்ள ஒரு பல்கலைக்கழகம். அதில் சேர வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்தே அவளுக்கு ஆசை. ஆசை என்றால் சும்மா ஆசை இல்லை, அந்தத் துறையின் பாடத்திட்டத்தை வரி வரியாகச் சொல்வாள். தேர்வு எழுதினாள். ஒரு கேள்வி, மிஞ்சிப் போனால் இரண்டு கேள்வி, அந்த அளவில் வாய்ப்புத் தவறியது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது அப்பா போய்விட்டார். மாமா வந்து, அம்மாவையும் இவளையும் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மற்ற மூன்று தடவையும் போனது கேள்வி பிடிக்க.

தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது. வாசலிலேயே கைபேசி, பேனா, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கணக்குப் போடத் தரும் தாளையும் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று திரையில் சம்மதம் கொடுத்தால்தான் முதல் கேள்வியே வரும். ஆனால் தலையைக் கழற்றி வாங்கி வைக்க முடியாது அல்லவா? அதனால் மாமா வருடத்துக்கு ஓர் ஆசிரியரைத் தேர்வுக்கு அனுப்புவார். போகிறவர் விடை எழுதப் போவதில்லை, கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வரப் போகிறார். அதற்குத்தான் கேள்வி பிடிப்பது என்று பெயர். "வெளியே சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னான்? நாம கதவைச் சாத்திட்டு உள்ளேதானே சொல்லிக்கறோம்" என்பார் இங்கிலீஷ் சார்.

கேள்வி பிடிப்பதில் கணக்கு மிஸ்ஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்குள்ளும் வீட்டு ஆள் ஒருவரை உட்கார வைத்துவிடுவாள். தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்கள் என்றால் அம்மாவும் அக்காவும். அடியில் ஒழுகும் ஓட்டை மாமா. எதிரெதிர் திசையில் புறப்படும் இரண்டு வண்டிகள் என்றால் சண்டை போட்ட மறுநாள் காலையில் அக்காவும் மாமாவும். இப்படி வரிசையாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளியே வருவாள். வாசலில் அக்கா நிற்பாள், யாரும் வழியில் பேச்சுக் கொடுத்துவிடாமல் காவல். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் அக்கா கையாலேயே விரட்டுவாள். மையத்துக்கு வந்ததும் மாமா கணினி முன் தயாராக இருப்பார், இங்கிலீஷ் சார் டீயை நீட்டுவார், இவள் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவாள். கொட்டி முடித்ததும் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும். "பிள்ளை பெத்துப் போட்டவ மாதிரி தூங்கறா பாரு" என்று அம்மா போர்த்திவிடுவாள். மறுநாள் காலையில் அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவள் தலையில் இருக்காது.

முதன்முதலாக மாமா கேட்டபோது அவள் தயங்கினாள். "இன்னும் நாலு இருக்குல்ல?" என்றார். அடுத்த முறை, "இன்னும் மூணு இருக்குல்ல?" அதற்கடுத்த முறை அவர் கேட்கவே இல்லை, அக்காவே பதிவு செய்துவிட்டாள். இதில் யார் தலையில் பழியைப் போடுவது? பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அவளாகத்தான் கொடுத்தாள். கொடுக்க மனசு வராததையும் யாரும் பார்க்காதபடி அவளே மறைத்துக்கொண்டாள்.

மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடத்தை ஓட்டினாள். மாடிப்படி நெடுகத் தேறியவர்களின் படங்கள் மாட்டியிருக்கும். பாதிப் பேர் அவளிடம் விகிதமும் சதவீதமும் படித்தவர்கள். தினமும் அந்தப் படங்களைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். அதில் கோணல் சிரிப்போடு இருக்கும் ஒருவன் இவள் ஆசைப்பட்ட அதே பல்கலைக்கழகத்தில், அதே கட்டிடத்தில் படித்து முடித்து, இப்போது அங்கேயே பாடம் எடுக்கிறான். ஒருமுறை பார்க்க வந்தபோது, "மிஸ், நீங்க ஏன் இன்னும் இங்கயே இருக்கீங்க?" என்று வெகுளியாகக் கேட்டான். "எனக்கு இன்னும் ஒரு தடவை இருக்குப்பா" என்றாள். அன்று அதைச் சொன்னபோது அவளுக்கு உண்மையிலேயே தெம்பாக இருந்தது.

இந்த வருடம் வினைபோல் தேர்வின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

"புதுசா ஒரு பகுதி வருதாம்," என்றார் மாமா, சாப்பாட்டு மேஜையில். "அட்டவணை, வரைபடம், அதை வெச்சு கேள்வி. எப்படிக் கேப்பான்னு ஒருத்தருக்கும் தெரியல. எதிர் சென்டர்ல ரெண்டு பேரை அனுப்பறாங்களாம்."

இங்கிலீஷ் சாரின் ஐந்தும் எப்போதோ தீர்ந்துவிட்டது. மாமாவின் ஐந்து அதற்கும் முன்னால். அக்கா பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள், அவளை உள்ளேயே விட மாட்டார்கள்.

"நம்மகிட்ட மிச்சம் இருக்கறது உன்னோட ஒண்ணுதாம்மா" என்றார் மாமா.

கணக்கு மிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது எனக்கு வேணும் மாமா."

அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டில் 'எனக்கு வேணும்' என்று அவள் ஒரு துணிமணிகூடக் கேட்டதில்லை.

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"எழுதறதுக்கு."

"எப்போ?"

அவள் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தாள். அக்கா விடுகிற ஆளா? "கோச்சுக்காத, ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் எழுதினியா? அதுக்கு முந்தின வருஷம்? யாரு உன் கையைப் பிடிச்சா? புதுப் பாத்திரத்தை உடைஞ்சிடும்னு பரண்லயே வெச்சிருக்கற மாதிரி வெச்சிருக்க. உனக்கும் உபயோகமில்ல, எங்களுக்கும் உபயோகமில்ல."

"அப்படிச் சொல்லாதடி," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "ஆனா நீயும் யோசி. அங்க போனா உன்கிட்டப் படிச்ச பையன்கிட்டயே நீ போய் உக்காந்து படிக்கணும். முப்பத்தஞ்சு வயசுல."

மாமா நல்ல மனிதர். அதுதான் சங்கடமே. "ரெண்டையும் சேத்தே பண்ண முடியுமா பாரேன்," என்றார் மெதுவாக. "உனக்காகவே எழுது. அப்படியே போற போக்குல அந்தப் புதுப் பகுதியை மட்டும் ஒரு நாலஞ்சு பிடிச்சிட்டு வந்தாப் போதும்."

"முடியாது மாமா. விடையைத் தேடினா கேள்வி மறந்துடும். கேள்வியைப் பிடிச்சா விடைக்கு நேரம் இருக்காது. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

அவர் அதை மறுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "சரிம்மா. உன் இஷ்டம்" என்றார். அக்கா தட்டுகளை அடுக்கிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து அக்கா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். எதுவானாலும் அம்மா வழியாகத்தான். "நாலு மணி வகுப்புக்கு மார்க்கர் தீந்துபோச்சுன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்பாள். கணக்கு மிஸ் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். அம்மாவும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "மார்க்கர் இல்லையாம்" என்று தந்தி அடிப்பாள். இதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மாமாவின் அன்பைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுடைய காலை வகுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அவள் படிக்க வேண்டுமாம். கட்டிலின் பக்கத்தில் ஒரு மேஜை விளக்கு வந்து உட்கார்ந்தது. பாடக் கட்டுகளில் சிலவற்றை எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனார். கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. அவர் காலையில் தொண்டை கட்டிப்போய்க் கணக்கு வகுப்பு எடுப்பது பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், அலுவலக அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டு அவள் படிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் பிள்ளைகள் எதிர் மையத்துக்குத் தாவ ஆரம்பித்தார்கள். முதலில் கடைசி வரிசையில் இருவர், பிறகு முன்வரிசையிலிருந்தே. புதுப் பகுதிக்கு இங்கே எதுவும் தயாராக இல்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள், கிளப்பியவர் சொன்னது பொய்யும் இல்லை. அக்கா வாசல் மேஜையிலிருந்து பெற்றோர்களுக்குப் போன் போட்டுப் பேசுவாள். "இல்லைங்க, எங்க கணக்கு மிஸ்ஸே இந்தத் தடவை நேரடியா எழுதப் போறாங்க" என்று குரல் குழையும். போனை வைத்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

தேர்வுக்குப் பதிவு செய்யக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை ரகளை செய்து வாங்கிய ஒரு தடவை. உடனே பதிவு செய்திருக்க வேண்டாமா?

செய்யவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தேர்வு நடத்துகிறவர்களின் பக்கத்தைக் கணினியில் திறப்பாள். தன் விவரம் எல்லாவற்றையும் நிரப்புவாள். கடைசிப் பொத்தான் வரைக்கும் போவாள். அங்கே நின்று, புதுப் பகுதியை இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாமே என்று தோன்றும். மூடிவிடுவாள். மறுநாள் வேறொரு காரணம் வரும். ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. அன்றைக்கு அவளுக்கு வந்த நிம்மதியைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள்.

விஷயம் இதுதான், சுற்றி வளைப்பானேன். அவளுக்குப் பயம். தேர்வைப் பார்த்து இல்லை. அந்தக் கேள்விகளை அவள் தூக்கத்தில் போடுவாள். எழுதிவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது என்பதுதான் பயம். அந்த ஒரு தடவை கையில் இருக்கும்வரை அவள் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியவள். ஏதோ சூழ்நிலையால் இங்கே இருக்கிறாள், அவ்வளவுதான். எழுதி, அதே ஒன்றிரண்டு கேள்வியில் மறுபடியும் தவறினால்? அப்போது அவள் கண்ணாடிக் கடை மாடியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மிஸ் மட்டும்தான், சாகும்வரை. அக்கா அன்று பரண் என்று சொன்னது அதனால்தான் அப்படி எரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

ஆக, எழுதினால் ஒரு மாதிரி மாட்டினாள். எழுதாவிட்டால் இன்னொரு மாதிரி. எழுதாமலே விட்டால் இந்த வீட்டின் அடிமடியில் கை வைத்துவிட்டு, பிறகு அதையும் வீணடித்தவள் ஆவாள். மாமாவுக்குத் தொண்டை கட்டியது, பிள்ளைகள் போனது, அக்காவின் பேச்சு நின்றது எல்லாம் எதற்காக? மாடியிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மாடிக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்கூட அவளுக்கு மூச்சு முட்டியது. அப்படியே நேராகப் போய்விடலாம் என்று ஒரு நாள் தெருமுனை வரை நடந்தாள். அங்கே பிள்ளைகள் இரண்டு பேர், "மிஸ், வகுப்பு இந்தப் பக்கம்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் மதியம். இங்கிலீஷ் சார் படியில் தடதடவென்று ஏறி வந்தார். அவர் வயதுக்கு அப்படி ஏறக் கூடாது. கையில் கைபேசி.

"எடுத்துட்டான்! எடுத்துட்டான்!"

"யாரு சார், எதை எடுத்தாங்க?" என்று அக்கா பயந்து எழுந்தாள்.

"அஞ்சு தடவைங்கற விதியையே எடுத்துட்டான்மா! இனிமே யாரு வேணும்னாலும் எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம். இப்பதான் அறிவிச்சிருக்கான். எனக்குக்கூட உயிர் வந்துடுச்சு, பாரேன்!"

மாமா கைபேசியை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அலுவலக அறை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கணக்கு மிஸ் பார்த்தாள். பிள்ளைகள் போனதில் அவர் எவ்வளவு ஆடிப்போயிருந்தார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அக்கா நேராக அவளிடம் பேசினாள். "ஏய், கேட்டியா? இதுக்குப் போயி நாம இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருந்தோம்." சிரித்தாள். கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தாள். இங்கிலீஷ் சார் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தார். அந்தச் சின்ன அறையில் ஒரு கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

கணக்கு மிஸ் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படத்தானே வேண்டும்? காலுக்குக் கீழே தரையை உருவிக்கொண்டதுபோல் இருந்தது. இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்த ஒன்று, இப்போது தெருவில் போகிற யாரிடமும் எத்தனை வேண்டுமானாலும் இருக்கிறது. அதற்காகத்தான் சண்டை போட்டாள், அதைக் காட்டித்தான் எழுதாமலும் இருந்தாள். இரண்டும் ஒரே அடியில் போய்விட்டது.

"எல்லாருக்கும் இப்பவே பதிஞ்சிடலாம்," என்றார் மாமா, கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "சார், நீங்க ஒண்ணு. நான் ஒண்ணு. மூணு பேர் போனா அந்தப் புதுப் பகுதியை மொத்தமா அள்ளிட்டு வந்துடலாம்." பிறகு அவளைப் பார்த்துப் பிரியமாகச் சொன்னார். "இந்த வருஷம் மட்டும் கேள்விக்குப் போயிட்டு வந்துடும்மா. அடுத்த வருஷம் உனக்கு. இல்ல, அதுக்கடுத்த வருஷம். உன்னை இனிமே யாரு கேக்கப் போறா? எப்ப வேணும்னாலும் எழுதிக்கலாம்."

எப்போது வேண்டுமானாலும். ஐந்து என்று இருந்தபோது எங்கேயோ ஒரு முடிவு இருந்தது. இன்றோ நாளையோ ஏதோ ஒரு நாள் அவளைப் பிடித்துத் தள்ளியிருக்கும். இனிமேல் தள்ள எதுவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் இந்த அறை, இந்த டீ, கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவது, போர்த்திக்கொண்டு தூங்குவது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. எல்லோரும் அன்பாகவே இருப்பார்கள்.

இங்கிலீஷ் சாருடைய பதிவு முடிந்தது. மாமா அவளுடைய விவரங்களைத் தட்ட ஆரம்பித்தார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறந்த தேதி, முகவரி, பட்டம். 'மதிப்பெண்ணை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும்?' என்று ஒரு கட்டம் வந்தது. கேள்வி பிடிக்கப் போகிறவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவது வழக்கம். பல்கலைக்கழகத்தின் பேரைப் போட்டுவிட்டால், வாங்கிய மதிப்பெண் நல்லதோ கெட்டதோ நேராக அங்கே போய்விடும். பிறகு தலைகீழாக நின்றாலும் திரும்பி வராது. மாமாவின் விரல் கட்டத்தைத் தாண்டப் போனது.

"நிறுத்துங்க மாமா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "அதைப் போடுங்க."

"இப்ப எதுக்கும்மா அவசரம்?" என்றார் இங்கிலீஷ் சார். "ஒண்ணு ரெண்டு தடவை எழுதிப் பாத்துட்டு, நல்லா வந்தா அப்புறம் அனுப்பிக்கலாமே. இப்பதான் கணக்கே இல்லையே."

"அதனாலதான் சார். கணக்கே இல்லைன்னா நான் எழுதவே மாட்டேன். எனக்குத் தெரியும்."

மாமா அவள் முகத்தையே பார்த்தார். அவருக்குப் புரிந்தது. ஆனாலும் இத்தனை வருடப் பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்போ கேள்வி?"

"நீங்களும் சாரும் பிடிச்சிட்டு வாங்க. என்கிட்ட இருந்து ஒண்ணுகூட வராது மாமா."

அவர் திரையின் பக்கம் திரும்பி, எழுத்து எழுத்தாக அந்தப் பெயரைத் தட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்தாமல் விரலை எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையில் பிள்ளைகள் மிஸ் வரவில்லையே என்று பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலி டீக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டிருந்த அக்கா, குனிந்தபடியே கேட்டாள்.

"கிடைச்சிட்டா?"

அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எழுதுவதா வேண்டாமா, தவறினால் என்ன ஆகும் என்பதோடு அந்த வீட்டின் பேச்சு நின்றுவிடும். கணக்கு மிஸ்ஸே தன்னை ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. கிடைத்தால் அம்மாவின் முழங்கால், மாமாவின் தொண்டை, இந்த நடு அறை, பட்டப்படிப்பைப் பாதியில் விட்ட இந்த அக்கா, எல்லாம் இங்கேயே இருக்கும். அவள் இருக்க மாட்டாள்.

"போயிடுவேன்க்கா."

அக்கா நிமிர்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. கோபமும் இருந்தது, அது எப்போதும் இருப்பதுதான்.

"அப்போ ஒழுங்காப் படி. பாதியில பயந்து திரும்பி வந்து நின்னா நான் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கதவுப் பிடியை இன்னும் கணக்கு மிஸ் விடவில்லை.

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும்," என்றாள் அக்கா. கணவர் பக்கம் திரும்பினாள். "பொத்தானை அழுத்தச் சொல்லுங்க அவளை."